க்ளோஸ்டர்ஸுஸ்டர்: கன்னியாஸ்திரிக்கான டச்சுக் கூட்டுச்சொல்லை எங்கே பிரிப்பது?

எழுத்தாணி | மார்ச் 12, காலை 9.40

கன்னியாஸ்திரியை டச்சு மொழியில் 'க்ளோஸ்டர்ஸுஸ்டர்' என்கிறார்கள். இரண்டு பாதியும் 'ஸ்டர்' என்றே முடிகிறது. டச்சில் -ஸ்டர் பெண்பால் விகுதி. தைப்பவள் 'நாய்ஸ்டர்', நூல் நூற்பவள் 'ஸ்பின்ஸ்டர்'. ஆங்கில ஸ்பின்ஸ்டரிலும் இதே விகுதிதான். ஆகவே இது பெண்பால் விகுதி இரண்டு முறை வந்த சொல், 'அடைந்து கிடப்பவள்' என்பது மூலப்பொருள் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

வேர்த்தடம் | மார்ச் 12, காலை 11.15

இரண்டு 'ஸ்டர்'களும் அந்த விகுதி அல்ல. ஒன்றுக்கொன்று உறவும் கிடையாது.

முதலில் சோதனை. பெண்பால் -ஸ்டர் வினையடியில் ஒட்டும். அதை வெட்டினால் வினையடி மிஞ்ச வேண்டும். நாய்ஸ்டரில் 'நாய்' மிஞ்சும், டச்சில் அது 'தை' என்னும் வினை. ஸ்பின்ஸ்டரில் 'ஸ்பின்' மிஞ்சும். க்ளோஸ்டரை வெட்டினால் 'க்ளோ', ஸுஸ்டரை வெட்டினால் 'ஸு'. இப்படி இரண்டு வினைகள் டச்சில் இல்லை. சோதனை இங்கேயே முடிந்துவிட்டது.

இனி பாகங்கள். க்ளோஸ்டர் என்றால் துறவு மடம். மூலம் லத்தீன் 'க்ளாவ்ஸ்ட்ரும்', அதாவது தாழ்ப்பாள், அடைப்பு. 'க்ளாவ்டெரே' (மூடு) என்ற வினையோடு '-ட்ரும்' என்ற கருவிப்பெயர் விகுதி சேர்ந்த சொல் அது. இதே விகுதி 'அராரே' (உழு) என்பதில் சேர்ந்தால் 'அராட்ரும்', ஏர். மூடு என்ற வினை 'ட்' ஒலியில் முடிவதால் அதுவும் விகுதியின் 'ட்'டும் மோதி 'ஸ்ட்' ஆகின்றன. 'ரோடெரே' (கொறி) 'ரோஸ்ட்ரும்' (அலகு) ஆனதும் இப்படித்தான். ஆக, க்ளோஸ்டரின் 'ஸ்டர்' ஒரு கருவிப்பெயரின் வால்.

ஸுஸ்டர் என்றால் சகோதரி. இது டச்சின் சொந்தச் சொத்து, இந்தோ-ஐரோப்பிய மூதாதையிடமிருந்து நேராக வந்தது. அதில் வரும் 'ட்' பற்றித் தனியாக எழுத வேண்டும். மாலையில் எழுதுகிறேன்.

வேர்த்தடம் | மார்ச் 12, இரவு 8.05

ஸுஸ்டரின் 'ட்'. சமஸ்கிருத உறவுப் பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: பித்ரு, மாத்ரு, ப்ராத்ரு, துஹித்ரு. எல்லாவற்றிலும் 'த்' இருக்கிறது. சகோதரிக்கு மட்டும் 'ஸ்வஸ்ரு'. அங்கே 'த்' இல்லை. லத்தீன் 'ஸொரோர்' என்பதிலும் இல்லை, லித்துவேனிய 'செசுவோ'விலும் இல்லை. மூலச் சொல்லிலேயே அது கிடையாது.

பிறகு எப்படி வந்தது? வேற்றுமை ஏற்கும்போது சில வடிவங்களில் 'ஸ்' ஒலியும் 'ர்' ஒலியும் நடுவில் உயிரெழுத்து இல்லாமல் அடுத்தடுத்து நின்றன. நாக்கு 'ஸ்'ஸிலிருந்து 'ர்'ருக்குத் தாவும் நொடியில் ஒரு 'ட்' தானாகப் பிறக்கும். நம் இலக்கணத்தில் சொன்னால் தோன்றல் விகாரம். ஜெர்மானிய, ஸ்லாவிய மொழிகளில் இது நிலைத்துவிட்டது: கோதிக் (அழிந்துபோன பழைய ஜெர்மானிய மொழி) 'ஸ்விஸ்தார்', ஜெர்மன் 'ஷ்வெஸ்டர்', ரஷ்யன் 'செஸ்த்ரா'. டச்சில் 'ஸ்வெ' சுருங்கி 'ஸு' ஆனது.

அதனால் ஃபாடர், மூடர், ப்ரூடர், டொக்டர் (தந்தை, தாய், சகோதரன், மகள்) என்ற டச்சு உறவுப் பெயர்களில் உள்ள 'ட்' பழைய விகுதியைச் சேர்ந்தது. ஸுஸ்டரில் உள்ளது இடையில் முளைத்தது. கேட்கும்போது எல்லாம் ஒரே வார்ப்பு மாதிரி இருக்கும்.

கால்வாய்க்கரை | மார்ச் 12, இரவு 9.30

உச்சரிப்புக் குறிப்பு, தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துப் படிப்பவர்களுக்காக. ஸுஸ்டரின் முதல் உயிர் நம் 'உ' அல்ல. 'இ' சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, அதை அசைக்காமல் உதட்டை மட்டும் குவிக்க வேண்டும். குறுகிய ஒலி, சட்டென்று முடியும். முதல் மெய் அதிர்வுள்ள 'ஸ்', ஆங்கில z போல. நடுக்கால டச்சில் அதை அதிர்வில்லாத 'ஸ்' எழுத்தால்தான் எழுதினார்கள். க்ளோஸ்டரின் ஓகாரம் நெடில். அழுத்தம் முதல் அசையில் மட்டும். இரண்டு பாதிக்கும் சம அழுத்தம் கொடுத்தால் இரண்டு தனிச் சொற்கள் போலக் கேட்கும்.

அச்சில் வரி உடைந்தால் 'ஸ்'ஸுக்கும் 'ட்'டுக்கும் நடுவில் உடைப்பார்கள்: க்ளோஸ்-டர்-ஸுஸ்-டர். க்ளோஸ்டரில் ஓகாரத்துக்கு இரட்டை எழுத்து வருவதும் இதனால்தான். அந்த அசை மெய்யில் முடிகிறது. ஓகாரத்தோடு அசை முடிந்திருந்தால் ஒற்றை எழுத்தே போதும்.

எழுத்தாணி | மார்ச் 13, காலை 7.20

சரி, விகுதி வாதம் போயிற்று. 'ஸ்லொட்ஸுஸ்டர்' என்று இன்னொரு சொல் பார்த்தேன். 'ஸ்லொட்' என்றால் பூட்டு. அப்படியானால் 'பூட்டுச் சகோதரி'யா? க்ளோஸ்டரும் தாழ்ப்பாள், ஸ்லொட்டும் பூட்டு. ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு சொல்?

வேர்த்தடம் | மார்ச் 13, காலை 10.50

இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

ஸ்லொட் என்பதற்கு டச்சில் பூட்டு, கோட்டை, முடிவு என்று பல பொருள் உண்டு. ஆம்ஸ்டர்டாம் அருகே உள்ள 'மௌடர்ஸ்லொட்' ஒரு கோட்டை. துறவு மடப் பேச்சில் ஸ்லொட் என்றால் அடைப்பு விதி: உள்ளே இருப்பவர் வெளியே போவதில்லை, வெளியார் உள்ளே வருவதில்லை. ஸ்லொட்ஸுஸ்டர் என்றால் அந்த விதிக்கு உட்பட்டவர். 'ஸ்லௌட்டன்' (மூடு) என்ற வினையிலிருந்து பிறந்த பெயர்.

வேர் இதுதான்: லத்தீன் 'க்ளாவ்டெரே', டச்சு 'ஸ்லௌட்டன்' இரண்டும் ஒரே பழைய இந்தோ-ஐரோப்பிய அடியிலிருந்து வந்தவை. கொக்கி, முளை, தாழ் என்பது அதன் பொருள். அந்த அடிக்குச் சொல் முதலில் 'ஸ்' உள்ள வடிவம் ஒன்று, இல்லாத வடிவம் ஒன்று. 'ஸ்' இல்லாதது லத்தீனுக்குப் போய் 'க்ள' ஆயிற்று. 'ஸ்' உள்ளது ஜெர்மானியத்துக்கு வந்தது, அங்கே நடுவில் இருந்த 'க்' உதிர்ந்து 'ஸ்ல' ஆயிற்று. க்ளோஸ்டர் ரோம் வழியாகச் சுற்றி வந்த உறவு, ஸ்லொட் வீட்டோடு இருந்த உறவு.

அதே அடியில் லத்தீனில் 'க்ளாவிஸ்' என்று ஒரு சொல் உண்டு. பொருள் திறவுகோல். லத்தீன் சொல்முதல் 'க்ள' போர்த்துகீசியத்தில் 'ச' ஆகும். க்ளாவிஸ் 'சாவெ' ஆனது, 'க்ளாமாரே' (கூப்பிடு) 'சமார்' ஆனது. அந்தச் சாவெதான் நம் வாயில் சாவி. இலங்கைத் தமிழர் பலர் இன்றும் 'திறப்பு' என்று சொல்கிறார்கள், அங்கே இந்த உறவு அறுந்துவிடுகிறது. ஆனால் பையில் சாவி வைத்திருக்கும் தமிழர் யாரும் க்ளோஸ்டருக்குத் தூரத்துச் சொந்தம். டச்சுத் திறவுகோலான 'ஸ்லூட்டல்' ஸ்லௌட்டனின் பிள்ளை, ஆகவே அதுவும் சாவிக்குச் சொந்தம்தான்.

மடவாசல் | மார்ச் 13, பகல் 1.10

இரண்டு சொல் தேவைப்பட்டதற்குத் திருச்சபைச் சட்டக் காரணமும் உண்டு.

1298-இல் போப் எட்டாம் போனிஃபாஸ் எல்லாத் துறவுப் பெண்களும் அடைப்புக்குள் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். 1563-இல் திரிதெந்து (ட்ரென்ட்) நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம் அதை மறுபடி உறுதி செய்தது. எழுத்தளவில், வெளியே போய் நோயாளியைப் பார்க்கும் பெண் துறவி என்பதற்கே இடமில்லை. ஆனால் அப்படி வாழ்ந்த பெண்கள் எப்போதும் இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தச் சபைகள் பெருகின. நெதர்லாந்தின் தில்பர்கில் 1832-இல் யோவான்னஸ் ஸ்வெய்சன் தொடங்கிய அன்புச் சகோதரிகள் சபை, மாஸ்ட்ரிக்டில் 1837-இல் எலிசபெத் க்ரௌதர்ஸ் தொடங்கிய சபை ஆகியவை பள்ளியும் மருத்துவமும் பார்த்தவை. 1900-இல்தான் ரோம் இவர்களுக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. 1917-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு சிறப்பு வார்த்தைப்பாடு (துறவு உறுதிமொழி) கொடுத்தவரை 'மோனியாலிஸ்' என்றும், எளிய வார்த்தைப்பாடு கொடுத்தவரை 'ஸொரோர்' என்றும் பெயராலேயே பிரித்தது. ஸுஸ்டர் இந்த ஸொரோருக்கு நேர்ச்சொல்.

பேச்சு வழக்கில் க்ளோஸ்டர்ஸுஸ்டர் இரு வகையாரையும் குறிக்கும். ஸ்லொட்ஸுஸ்டர் அடைப்பில் இருப்பவரை மட்டுமே.

இரண்டையும் ஒரே ஊரில் பார்க்க லிம்பர்கில் உள்ள ஸ்டெய்ல் போதும். அர்னால்ட் யான்சன் 1889-இல் தொடங்கிய மறைபரப்புச் சகோதரிகளை 'நீலச் சகோதரிகள்' என்பார்கள். 1896-இல் அவரே தொடங்கிய அடைப்புச் சபை 'ரோஜா நிறச் சகோதரிகள்'. இரண்டும் அங்கி நிறத்தால் வந்த பெயர்.

எழுத்தாணி | மார்ச் 13, மாலை 6.00

அடைப்பு என்றால் நிஜமாகவே பூட்டா?

மடவாசல் | மார்ச் 13, மாலை 6.45

பழைய மடங்களில் ஆம். பேசும் அறை நடுவில் கம்பிக் கிராதி இருக்கும், பின்னால் பெரும்பாலும் திரை. பொருள் கொடுக்க வாங்க, சுவரில் பதித்த ஒரு மர உருளை. நிமிர்த்தி வைத்த பீப்பாய் மாதிரி, பக்கவாட்டில் ஒரு பாகம் மட்டும் திறந்திருக்கும், அச்சில் சுழலும். வெளியே இருப்பவர் ரொட்டியையோ மருந்தையோ வைத்துத் திருப்பினால் திறப்பு உள்பக்கம் போய்விடும். திறப்பு ஒரு பக்கம்தான் என்பதால் எந்த நிலையில் நின்றாலும் சுவர் அடைந்தே இருக்கும், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியாது. கதவின் பூட்டை உள்ளே ஒருவரும் வெளியே ஒருவரும் தனித்தனிச் சாவியால் திறக்கும் ஏற்பாடும் உண்டு.

கிராதி உள்ள அந்த அறைக்கு டச்சில் 'ஸ்ப்ரேக்காமர்', பேசும் அறை. இன்று அதே சொல் மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் அறைக்கு வழங்குகிறது.

கால்வாய்க்கரை | மார்ச் 14, காலை 8.15

ஒரு எச்சரிக்கை. ஸ்லொட், ஸ்லௌட்டன் வரிசையில் 'ஸ்லௌஸ்' என்ற சொல்லையும் பலர் சேர்த்துவிடுகிறார்கள். கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் மதகு அது. மூடுகிற பொருள், 'ஸ்ல' தொடக்கம், பார்த்தால் அதே குடும்பம். ஆனால் அது ஸ்லௌட்டனிலிருந்து வரவில்லை. லத்தீன் 'எக்ஸ்க்ளூஸா' (வெளியே தள்ளி அடைக்கப்பட்டது) பழைய பிரெஞ்சில் 'எஸ்க்ளூஸ்' ஆகி, அங்கிருந்து டச்சுக்கு வந்தது. அந்த லத்தீன் சொல்லுக்குள்ளும் க்ளாவ்டெரேதான் இருக்கிறது. ஆகவே உறவு உண்டு, ஆனால் க்ளோஸ்டரின் பக்கமாக. உருவத்தைப் பார்த்து முடிவு செய்தால் இங்கேதான் சறுக்கும்.

துறவி வாழும் தனிக்குடிலும் இன்றைய வங்கிப் பெட்டகமும் டச்சில் ஒரே சொல், 'க்ளௌஸ்'. அதுவும் க்ளாவ்டெரே வீட்டுப் பிள்ளை.

வேர்த்தடம் | மார்ச் 14, பகல் 12.30

க்ளோஸ்டர் எந்த வடிவத்தில் கடன் வந்தது என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். எல்லோருக்குமாக இங்கே.

அகராதிகள் பேச்சு லத்தீனில் 'ஆவ்' ஒலி 'ஓ' ஆகி வழங்கிய 'க்ளோஸ்ட்ரும்' என்ற வடிவத்தை வைக்கின்றன. அது பொருந்தும். ஆனால் டச்சு வடிவத்தை மட்டும் வைத்து அதை நிறுவ முடியாது. டச்சில் பழைய 'ஆவ்' எல்லாமே ஓகாரம் ஆகிவிட்டது: ஜெர்மன் 'பௌம்' (மரம்) டச்சில் 'போம்', ஜெர்மன் 'அவ்கெ' (கண்) டச்சில் 'ஓக்'. எந்த வழியில் வந்தாலும் டச்சில் க்ளோஸ்டர்தான் கிடைக்கும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஜெர்மானியத்தின் பழைய ஓகாரம் டச்சில் ஊகாரம் ஆனது. சகோதரன் 'ப்ரூடர்' ஆனதும் பாதம் 'ஃபூட்' ஆனதும் அதனால். க்ளோஸ்டர் அந்த வரிசையில் சேரவில்லை. ஆண் துறவிக்கான 'க்ளோஸ்டர்ப்ரூடர்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

காலத்தைக் கணிக்க ஜெர்மன் மெய்மாற்றத்தை (பழைய 'ப்', 'ட்', 'க்' ஒலிகள் ஜெர்மனில் வேறு ஒலிகளாக மாறியதை) பிடித்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லத்தீன் 'ஸ்ட்ராட்டா' டச்சில் 'ஸ்ட்ராட்', ஜெர்மனில் 'ஸ்ட்ராஸெ'. சொல் நடுவில் உள்ள 'ட்' மாறியதைப் பார்த்து அது பழைய கடன் என்று சொல்லலாம். க்ளோஸ்டரில் அது செல்லாது. 'ஸ்'ஸை அடுத்து வரும் 'ட்' அந்த மாற்றத்துக்கு ஆளாகாது. ஸ்ட்ராஸெயின் முதலில் உள்ள 'ஸ்ட்'டே மாறாமல் நிற்கிறதே.

தொகைநிலை | மார்ச் 15, காலை 10.00

தொகை வகையைப் பற்றி யாரும் பேசவில்லை. டச்சுக் கூட்டுச்சொல்லில் பொருள் பின்மொழியில் சிறக்கும், இலக்கணப் பாலும் பின்மொழியுடையதே. க்ளோஸ்டர் அஃறிணைப் பால், ஸுஸ்டர் பொதுப் பால் (ஆண்பாலும் பெண்பாலும் ஒன்றானது), ஆகவே க்ளோஸ்டர்ஸுஸ்டர் பொதுப் பால்.

நம் கணக்கில் இது ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை: மடத்தில் வாழும் சகோதரி. ஸ்லொட்ஸுஸ்டரும் அதே. செவிலியைக் குறிக்கும் 'ஃபர்ப்ளேக்ஸுஸ்டர்' வேறு வகை. 'ஃபர்ப்ளேக்' பெயர் அல்ல, 'பேணு' என்ற வினையடி. ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகை. மேலே வந்த ஸ்ப்ரேக்காமரும் அப்படியே, 'பேசு' என்ற வினையடி நேராக அறையோடு சேர்கிறது.

'ஸ்வார்ட்ஸுஸ்டர்' (கருப்புச் சகோதரி) உருவத்தில் பண்புத்தொகை. கருப்பு என்பது அங்கியின் நிறம். கொள்ளைநோய்க் காலத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தவர்கள் இவர்கள். ஆன்ட்வெர்ப்பில் இவர்கள் பெயரில் தெருவே இருக்கிறது.

சாரியை: 'நொன்' (கன்னியாஸ்திரி) முதலில் வந்தால் '-அன்' சாரியை வேண்டும், 'நொன்னன்க்ளோஸ்டர்' என்று. க்ளோஸ்டர் முதலில் வந்தால் சாரியை வேண்டாம். மடத்துத் தோட்டம் 'க்ளோஸ்டர்டௌன்', மடத்துத் தாழ்வாரம் 'க்ளோஸ்டர்காங்'. ஆங்கிலம் தெரிந்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள். ஆங்கிலக் க்ளாய்ஸ்டர் பெரும்பாலும் அந்தத் தாழ்வாரத்தைக் குறிக்கும், டச்சுக் க்ளோஸ்டர் மடம் முழுவதையும் குறிக்கும்.

எழுத்தாணி | மார்ச் 15, காலை 11.20

நொன் என்று ஒரு சொல் இருக்கும்போது இவ்வளவு நீளமான கூட்டுச்சொல் எதற்கு?

வேர்த்தடம் | மார்ச் 15, பகல் 2.40

நொன் பிற்கால லத்தீன் 'நொன்னா'. வயதான பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல், குழந்தைப் பேச்சில் பிறந்தது. இத்தாலியனில் இன்றும் பாட்டிதான் நொன்னா. புனித பெனடிக்ட் துறவியருக்கு எழுதிய ஒழுங்கு நூலில் இளையவர் மூத்தவரை ஆண்பாலில் 'நொன்னுஸ்' என்று அழைக்க வேண்டும் என்று 63-ஆம் அத்தியாயம் சொல்கிறது. ஆக, நொன் பிறத்தியாராகப் பார்த்துச் சொல்லும் வகைப்பெயர். கருப்பு வெள்ளை இறகுள்ள ஒரு வாத்துக்குக் கூட 'நொன்னட்யெ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் துறவியை நேரில் அழைக்க நொன் உதவாது, ஸுஸ்டர் என்றுதான் அழைக்க வேண்டும்.

ஆனால் ஸுஸ்டர் தனியாக நின்றால் குழப்பம். மருத்துவமனைப் பணி துறவுப் பெண்களின் கையில் இருந்ததால் செவிலிக்கும் அதே பெயர் ஒட்டியது. 1844-இல் உத்ரெக்டில் தொடங்கிய புராட்டஸ்டன்ட் டீக்கனஸ் (சபைப் பணிப்பெண்) இல்லத்துப் பெண்களும் ஸுஸ்டர்தான். துறவு மேற்கொள்ளாத செவிலியரும் பிறகு ஸுஸ்டர் ஆனார்கள், ஆண் செவிலியர் 'ப்ரூடர்' ஆனார். வீட்டில் உடன்பிறந்தவளுக்கு இப்போது 'ஸுஸ்' என்ற குறுக்கமே அதிகம். எந்தச் சகோதரி என்று சொல்ல முன்னால் க்ளோஸ்டர் வேண்டியிருக்கிறது. மதுரையிலும் திருச்சியிலும் செவிலியையும் கன்னியாஸ்திரியையும் 'சிஸ்டர்' என்றே கூப்பிடுகிறோம். பேச்சில் பிரித்துச் சொல்ல வேண்டி வந்தால் நாமும் 'கான்வென்ட் சிஸ்டர்' என்கிறோம். அதே தேவை, அதே வழி.

கால்வாய்க்கரை | மார்ச் 15, மாலை 5.10

இலங்கை வாசகர்கள் கவனிக்க: சிங்களத்தில் பெண்ணை மரியாதையாகச் சொல்லும் 'நோனா' இந்த நொன்னா அல்ல. அகராதிகள் அதைப் போர்த்துகீசிய 'தோனா'வோடு சேர்க்கின்றன.

டச்சுக்காரர்கள் இலங்கைக்குக் கன்னியாஸ்திரிகளைக் கொண்டுவரவும் இல்லை. 1658 முதல் 1796 வரை அங்கே ஆண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது, கத்தோலிக்கக் குருக்களையே தடை செய்தது. அதனால் க்ளோஸ்டர் தமிழுக்குள் வர வழியில்லை. கந்தோர், துட்டு போன்ற அலுவலக, காசுச் சொற்கள் வந்தன. கூட்டுச்சொல் என்றால் கக்கூஸ். 'கக்' என்பது மலம், 'ஹௌஸ்' என்பது வீடு. இன்றைய டச்சில் ஹௌஸ் என்பதை ஜீலந்து (தென்மேற்கு நெதர்லாந்து) வட்டார வழக்கு 'ஔ' இல்லாமல், உதட்டைக் குவித்த 'இ' போன்ற ஒலியோடுதான் சொல்கிறது. மருத்துவமனைக்கான பழைய சொல் 'காஸ்ட்ஹௌஸ்', விருந்தினர் வீடு. அங்கே பணி செய்த துறவுப் பெண் 'காஸ்ட்ஹௌஸ்ஸுஸ்டர்'. கக்கூஸில் உள்ள வீடும் அந்த விருந்தினர் வீடும் ஒரே சொல்.

மடவாசல் | மார்ச் 15, இரவு 9.00

'பெகெய்ன்' பெண்களை யாரும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். பெகெய்ன் க்ளோஸ்டர்ஸுஸ்டர் அல்ல. நிரந்தர வார்த்தைப்பாடு இல்லை, சொத்து வைத்துக்கொள்ளலாம், விலகிப் போய்த் திருமணமும் செய்துகொள்ளலாம். இவர்கள் வாழ்ந்த குடியிருப்பு 'பெகெய்ன்ஹொஃப்'. ஃப்ளாண்டர்ஸில் உள்ளவற்றில் பதின்மூன்றை 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கடைசிப் பெகெய்ன் என்று அறியப்பட்ட மார்செல்லா பாட்டெய்ன் 2013-இல் கோர்ட்ரெய்க்கில் காலமானார்.

எழுத்தாணி | மார்ச் 16, காலை 8.30

கடைசிக் கேள்வி. 'ப்ரீஸ்டர்' (குரு), 'மேஸ்டர்' (ஆசிரியர்), 'ஃபென்ஸ்டர்' (ஜன்னல்) ஆகியவையும் ஸ்டரில் முடிகின்றன. இவை க்ளோஸ்டர் வகையா, ஸுஸ்டர் வகையா?

வேர்த்தடம் | மார்ச் 16, காலை 9.05

க்ளோஸ்டரைப் போலக் கடன், ஆனால் ஒவ்வொன்றின் வாலும் வேறு. ப்ரீஸ்டர் கிரேக்க 'ப்ரெஸ்புதெரோஸ்' (மூத்தவர்) லத்தீன் வழி சுருங்கியது. மேஸ்டர் லத்தீன் 'மாகிஸ்டெர்', நடுவில் இருந்த 'கி' உருகிப் போனது. ஃபென்ஸ்டர் லத்தீன் 'ஃபெனெஸ்ட்ரா'. கருவிப்பெயர் '-ட்ரும்' க்ளோஸ்டரில் மட்டும்தான். நம் ஜன்னலை ஃபெனெஸ்ட்ராவோடு சேர்த்துவிட வேண்டாம். அது போர்த்துகீசிய 'ஜனெலா', அடியில் இருப்பது 'இயானுவா', கதவு.